கூடாரம் நனைகிறதா, பறக்கிறதா, குளிர்கிறதா? மலைநாட்டு இரவுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

இலங்கையின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலை 2,524 மீற்றர். ஹோட்டன் சமவெளி ஏறத்தாழ 2,100 மீற்றருக்கு மேலே விரிந்து கிடக்கிறது. இமயத்துக்கும் அல்ப்ஸுக்கும் எழுதப்பட்ட கூடார அறிவுரைகளை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பாதி பொருந்தாது. அங்கே உறைபனியும் உயரமும் ஆளைச் சோதிக்கின்றன. நம் மலையில் தூங்க விடாதது ஈரம். அது வானத்திலிருந்தும் வரும், மண்ணிலிருந்தும் வரும், பக்கவாட்டில் நகரும் முகிலிலிருந்தும் வரும், நாம் விடும் மூச்சிலிருந்தும் வரும்.

அதனால் ஏதாவது கோளாறு என்றால் முதலில் கேட்க வேண்டியது, தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்தது, காற்று எந்த வழியாக வெளியே போனது என்பதுதான். பெரும்பாலான கோளாறுகள் கூடாரத்தை ஐம்பது மீற்றர் தள்ளிப் போட்டாலே தீர்ந்துவிடும். விலை கூடிய புதுக் கூடாரம் வாங்குவதைக் கடைசியாக யோசியுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட அறிகுறிகளை முதலில் வைத்திருக்கிறேன். அவற்றை வீட்டிலேயே வாசித்துவிட்டுப் புறப்படுங்கள்.

மழை விடவில்லை, ஆனால் பக்கத்து ஓடையில் தண்ணீர் குறைகிறது

மழையில் ஓடை பெருகுவதும் கலங்குவதும் வழமை. மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே நீர் குறைந்தால், மேலே எங்கோ மண்ணும் மரமும் விழுந்து ஓடையை அடைத்திருக்கலாம். அந்த அடைப்பு உடைந்தால் எல்லாம் ஒரேயடியாக இறங்கும். நிலத்தில் புது வெடிப்பு, நேற்று நேராக நின்ற மரமோ கம்பமோ இன்று சாய்ந்திருப்பது, முன்பு இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பிச் சேற்றுநீர் வருவது, மலைக்குள்ளிருந்து உறுமல் சத்தம் கேட்பது எல்லாமே மண்சரிவுக்கு முன்னறிகுறிகள்.

செய்ய வேண்டியது: கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு நிற்காதீர்கள். டோர்ச், போன், மழைச் சட்டை, சப்பாத்து, கூட வந்தவர்கள். அவ்வளவுதான். சரிவின் கீழ்ப்பக்கமாக ஓடாமல், பள்ளத்தை விட்டுப் பக்கவாட்டில் விலகி மேட்டுக்குப் போங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் மழையளவுகளை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வது நல்லது. 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 என்றால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 ஆனாலோ, ஒரே மணிநேரத்தில் 75 பெய்தாலோ வெளியேறிவிட வேண்டும். காட்டில் மழைமானி கிடையாது. வாயும் அடியும் ஒரே அகலமான ஒரு தகரக் கோப்பையை வெட்டவெளியில் வைத்துவிடுங்கள். அதில் ஏழரை சென்ரிமீற்றர் நின்றால் 75 மில்லிமீற்றர்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் லயங்களின் மேல் மண் இறங்கியது. அதை அறிந்த எவரும் இந்த எண்களை அலட்சியம் செய்ய மாட்டார்கள்.

இடம் தேர்கையிலேயே இந்தக் கவலையில் பெரும்பகுதியைக் கழித்துவிடலாம். ஓடை மலையைவிட்டு வெளியே வரும் வாய், பாதைக்காக வெட்டிய மண்சுவரின் அடி, கைவிடப்பட்டு வடிகான்கள் தூர்ந்துபோன தேயிலை மலையின் கீழ்ப்பகுதி, இந்த மூன்றிலும் படுக்கக் கூடாது. பக்கத்தில் தோட்டம் இருந்தால் கான் வெட்டிப் பழகிய ஒருவரிடம் இடத்தைக் காட்டிக் கேளுங்கள்: “அண்ணே, மழ வந்தா தண்ணி எந்தப் பக்கமா எறங்கும்?” அவர் கை நீட்டும் திசையைவிட நல்ல வரைபடம் உங்கள் போனில் இல்லை.

பிற்பகலில் முகில் கறுக்கிறது, இடி நெருங்குகிறது

மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் ஆகிய பருவமாற்ற மாதங்களில் காலை பளிச்சென்று இருந்து பகல் இரண்டு மணிக்குப் பிறகு இடிமழை வருவது வழமை. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 விநாடிகூட இல்லையென்றால் நீங்கள் ஏற்கனவே எல்லைக்குள் இருக்கிறீர்கள். கூடாரம் மின்னலிலிருந்து காக்காது. முகட்டை விட்டு இறங்குங்கள், தனி மரத்தை விட்டு விலகுங்கள், ஆளுக்காள் தள்ளி நில்லுங்கள். இறங்க வழியே இல்லையென்றால் சுருட்டிய பாயின் மேல் இரு காலும் சேர்த்துக் குந்தியிருங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை முகட்டுக்குத் திரும்ப வேண்டாம்.

கூடாரத்துக்குள் தலைவலி, குமட்டல், தலைச்சுற்று

“உயரம் ஒத்துக்கொள்ளவில்லை” என்று நினைத்துக்கொண்டு படுத்துவிடுவது ஆபத்து. உயர நோய் வழக்கமாகத் தலைகாட்டுவது 2,500 மீற்றருக்கு மேலே. நாம் கூடாரம் போடும் இடமெல்லாம் அதற்குக் கீழே. மழைக்குப் பயந்து சிப்பைப் பூட்டிக்கொண்டு உள்ளே கேஸ் அடுப்பு வைத்திருந்தாலோ, குளிருக்குக் கரிச்சட்டி வைத்திருந்தாலோ, முதலில் சந்தேகப்பட வேண்டியது காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு. நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

எல்லாரையும் வெளியே எடுங்கள், அடுப்பை அணையுங்கள், 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். கரியைக் கூடாரத்துக்குள் எந்த நிலையிலும் கொண்டுபோகாதீர்கள். தேத்தண்ணி ஊற்றவே வேண்டுமென்றால் மேல்துணியின் முன்வாசலை அகலத் திறந்து, அடுப்பைத் துணிக்கு வெளியே வையுங்கள்.

விடியும்போது உள்ளே எல்லாம் ஈரம்

அதிகம் பேர் அனுபவிக்கும் கோளாறு இது. அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்வதும் இதுதான். “ஒழுகுது” என்று சொல்லிக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கப்படும் கூடாரங்களில் பல ஒழுகுவதே இல்லை. ஈரம் எங்கே இருக்கிறது என்று டோர்ச் அடித்துப் பாருங்கள்.

மேல்துணியின் உட்புறம் முழுவதும் பொடித்துளிகள் பரவியிருந்தால் அது உங்கள் மூச்சு. இரண்டு பேர் ஓர் இரவில் மூச்சாகவும் வியர்வையாகவும் ஒரு பெரிய கோப்பைக்கு மேல் நீரை வெளியேற்றுகிறார்கள். துணி வானத்தைப் பார்த்துக் குளிர்கிறது. உள்ளே உள்ள ஆவி அதில் பட்டு, சோற்றுப்பானையின் மூடியில் நிற்பதுபோல் நிற்கிறது. இதற்கு மருந்து காற்றோட்டம். குளிருது என்று துவாரங்களை மூடினால் இன்னும் நனைவீர்கள். மேலே ஒரு துவாரம், கீழே ஒரு வாசல் இடைவெளி, இரண்டும் திறந்திருக்க வேண்டும். காற்று கீழே புகுந்து மேலே வெளியேறும். நனைந்த காலுறை, மழைச் சட்டை எதையும் உள்ளே தொங்கவிடாதீர்கள். ஓடைக்கரையை விடுங்கள். மரக்கிளைகளுக்குக் கீழே போட்டால் துணி வானத்துக்கு இழக்கும் வெப்பம் குறையும், துளியும் குறையும்; காய்ந்த கிளை இல்லாத மரமா என்று மட்டும் பாருங்கள். யூக்கலிப்டஸ் மரத்தின் கீழே படுக்கவே வேண்டாம், அது காற்றில்லாத நாளிலும் கிளை உதிர்க்கும்.

ஆனால் முகிலே வந்து அமர்ந்துவிட்ட இரவில், ரிவர்ஸ்டனிலும் ஹோட்டன் சமவெளியிலும் அது அடிக்கடி நடக்கும், வெளிக்காற்றும் ஈரத்தில் நிறைந்திருக்கும். எந்தத் துவாரமும் அதைத் தீர்க்காது. அன்று ஒரு சிறு துணியால் உட்புறத்தை இரண்டு தரம் துடைப்பதுதான் வழி. உள்வலை உள்ள இரட்டைச் சுவர்க் கூடாரம் என்றால் துளி வலையில் தங்கும், உங்கள் முகத்தில் விழாது. பாரம் குறைவு என்று ஒற்றைச் சுவர்க் கூடாரத்தைப் புகழ்கிறவர்கள் உலர்ந்த நாடுகளில் நடப்பவர்கள். நம் மலைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தையல் வழியே கோடாக நீர் இறங்கினால் அது உண்மையான ஒழுக்கு. தையலுக்குப் பூசும் பசை துணிக்குத் துணி மாறும். உட்புறம் பொலியூரிதேன் பூச்சு உள்ள துணிக்குப் பொலியூரிதேன் பசை. இருபுறமும் சிலிக்கன் பூசிய வழுக்கும் துணிக்குச் சிலிக்கன் பசை மட்டுமே ஒட்டும். மாற்றிப் பூசினால் அடுத்த நாளே உரிந்து வரும்.

பாயின் கீழே மட்டும் ஈரம் என்றால் அடிவிரிப்பைப் பாருங்கள். கூடாரத்துக்குக் கீழே விரித்த படங்கு ஓரத்தில் நாலு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேல்துணியில் வழியும் மழையெல்லாம் அதில் விழுந்து, உங்களுக்குக் கீழே போய்க் குளமாகும். படங்கை உள்ளே மடித்து, கூடாரத்தைவிடச் சின்னதாக்குங்கள். அதற்குப் பிறகும் முழங்கால் ஊன்றுமிடத்தில் நீர் கசிந்தால் தரைத்துணியின் நீர்த்தாங்கும் திறன் போதாது. துணி எத்தனை மில்லிமீற்றர் உயர நீரைத் தாங்கும் என்பதே இதன் அளவு. மேல்துணிக்கு 1,500 மில்லிமீற்றர் போதுமாக இருக்கலாம்; தரைக்கு 3,000க்குக் குறையாமல் கேளுங்கள், ஏனென்றால் அங்கே உங்கள் பாரமும் சேர்ந்து அழுத்துகிறது.

கால்மாட்டில் ஸ்லீப்பிங் பேக் மட்டும் நனைந்திருந்தால் அது சுவரைத் தொட்டிருக்கிறது. நெட்டையானவர்கள் இருவருக்கான கூடாரத்தில் மூலைவிட்டமாகப் படுத்தால் தீரும், அல்லது கால்மாட்டின் மேல் மழைச் சட்டையைப் போர்த்துங்கள்.

பக்கவாட்டிலிருந்து தெறித்தால் கூடாரத்தின் ரகமே காரணம். இங்கே மலிவாகக் கிடைக்கும் குவிமாடக் கூடாரங்கள் பலவற்றில் மேல்துணி உச்சியை மட்டும் மூடும், இடுப்புக்குக் கீழே ஒற்றைத் துணிதான். கடற்கரைக்குச் சரி. தென்மேல் பருவத்தில் மழை சாய்வாக அடிக்கும் மலையில் சரிவராது. புதிதாக வாங்க வசதியில்லையென்றால் மூன்று மீற்றருக்கு மூன்று மீற்றர் தறப்பாள் ஒன்றைக் காற்று வரும் பக்கம் தரைவரை இறக்கிக் கட்டுங்கள். பழைய கூடாரத்துக்கு இதைவிட மலிவான வைத்தியம் இல்லை.

நள்ளிரவில் மேல்துணி தொய்ந்து படபடக்கிறது

நைலோன் நனைந்தால் நீளும். மாலையில் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் இரவில் தொய்யும், தொய்ந்தால் உள்வலையைத் தொடும், தொட்டால் ஈரம் உள்ளே. படுக்கப் போகும் முன் ஒரு தரம், மழை தொடங்கியதும் ஒரு தரம் கயிறுகளை இழுத்துவிடுங்கள். பொலியெஸ்டர் துணி இந்த அளவுக்கு நீளாது. நம் ஈரத்துக்கு அதுவே மேல்.

காற்று கூடாரத்தைப் படுக்கவைக்கிறது

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஹப்புத்தளை, ஹல்துமுல்ல பக்கத்து மலைவிளிம்புகளில் அது தொடர்ந்து அடிக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்க் காற்று. நக்கிள்ஸின் கிழக்குச் சரிவும் பதுளைப் பக்கமும் அப்போது மழையும் காற்றுமாக இருக்கும். காட்சிக்காக மலைவிளிம்பில் போட்ட கூடாரங்கள்தான் அதிகம் உடைகின்றன. நாரங்கலவின் உச்சியில் சூரிய உதயம் பார்க்க அங்கேயே படுக்க வேண்டியதில்லை. கொஞ்சம் இறங்கி, காற்று மறையும் பக்கத்தில் படுத்து, விடியுமுன் எழும்பி ஏறினால் போதும்.

ஏற்கனவே போட்டாயிற்று என்றால்: குறுகிய, தாழ்ந்த முனையைக் காற்றுக்குக் காட்டுங்கள். வாசல் எதிர்ப்பக்கம். எல்லா இழுகயிறுகளையும் கட்டுங்கள். பையோடு வந்த நாலு முளைகள் போதாது. தண்டு வளைந்து உள்நோக்கி அமுங்கினால் உள்ளேயிருந்து கையால் தாங்கிக்கொண்டு விடியும்வரை இருக்க முயலாதீர்கள், தண்டைக் கழற்றி கூடாரத்தைப் படுக்கவையுங்கள். உடைந்த தண்டு துணியைக் கிழிக்கும்.

முளை பிடிக்கவில்லை

ஹோட்டன் சமவெளியின் கறுத்த ஈரமண்ணில் ஆணி மாதிரியான மெல்லிய முளை வழுக்கிக்கொண்டு வரும். நீளமான, அகலப் பட்டையுள்ள முளை வேண்டும். கயிற்றுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து முழுவதுமாக இறக்குங்கள். பிட்டவளைப் பத்தனை போன்ற இடங்களில் மேலே ஒரு சாண் மண், கீழே கல். அங்கே முளையே இறங்காது. கயிற்றை ஒரு தடியில் கட்டி, தடியின் மேல் பெரிய கல்லை ஏற்றுங்கள். கல்லிலேயே நேரடியாகக் கட்டினால் காற்றாட்டத்தில் கயிறு அறுந்துபோகும். காலையில் கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அதன் கீழே குடியிருக்கும் உயிர்கள் உண்டு.

போர்வை தடிப்பு, ஆனாலும் முதுகு விறைக்கிறது

குளிர் கீழிருந்து வருகிறது. கம்பளியை மேலே அடுக்கினாலும் கீழே அமுங்கிய பஞ்சு வெப்பத்தைப் பிடிக்காது. காற்றடைத்த சாதாரண மெத்தை இன்னும் மோசம், அதனுள் காற்று சுழன்று வெப்பத்தை மண்ணுக்குக் கொடுத்துவிடும். மூடிய துளைகள் உள்ள நுரைப்பாயின் வெப்பத்தடை மதிப்பு ஏறத்தாழ 2. நுவரெலியாவுக்குக் கீழே பெரும்பாலான இரவுகளுக்கு அது போதும். ஜனவரி, பெப்ரவரியில் ஹோட்டன் சமவெளியில் புல்லில் துகள் உறைபனி படியும் நாட்கள் உண்டு. அதற்கு 3க்கு மேல் வேண்டும். நுரைப்பாயின் மேல் இன்னொரு பாய் போட்டால் இரண்டின் மதிப்பையும் கூட்டிக்கொள்ளலாம்.

இடமும் முக்கியம். தெளிந்த இரவில் குளிர்காற்று பாரமாகிப் பள்ளத்தில் தேங்கும். உறைபனி முதலில் படிவது சமவெளியின் தாழ்ந்த புல்தரையில்தான். அனுமதித்த இடத்துக்குள்ளேயே பத்திருபது மீற்றர் மேட்டில் போட்டால் வித்தியாசம் உடம்பில் தெரியும்.

ஸ்லீப்பிங் பேக் வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்றால், பெரிய எழுத்தில் உள்ள எண்ணை நம்பாமல் ஐஎஸ்ஓ 23537 அளவின்படி எழுதிய சுகமான வெப்பநிலையைப் பாருங்கள். எல்லை வெப்பநிலை என்பது சுருண்டு படுத்தால் ஓர் இரவைக் கழிக்கலாம் என்ற அளவு மட்டுமே. இறகு நிரப்பியது பாரம் குறைவு, ஆனால் நனைந்தால் படிந்துவிடும். நம் முகிலுக்குச் செயற்கை இழை நிரப்பியதே நம்பிக்கையானது.

ஹமொக்கில் (மரங்களுக்கிடையே கட்டும் தொங்குபடுக்கையில்) மழை கயிறு வழியாக உள்ளே வருகிறது

தறப்பாளுக்கு உட்பக்கம், கட்டுப்பட்டையில் ஒரு நூலை முடிந்து தொங்கவிடுங்கள். வழியும் நீர் நூலில் இறங்கிச் சொட்டிவிடும். முதுகு குளிர்ந்தால் கீழ்ப்போர்வை தொங்கவிட வேண்டும், அல்லது நுரைப்பாயை உள்ளே விரிக்க வேண்டும். பட்டை இரண்டு விரல் அகலத்துக்குக் குறையக் கூடாது. வெறும் கயிறு மரப்பட்டையை அறுக்கும்.

சரிவான காட்டில், அட்டை நிறைந்த தரைக்கு மேலே ஹமொக் அருமையான படுக்கை. ஆனால் நக்கிள்ஸ் முகடுகளிலும் ஹோட்டன் சமவெளியிலும் பாசி போர்த்திய குட்டை மரங்களில் அதைக் கட்டாதீர்கள். ஆள் உயர வளர்ச்சிக்கு அவை எடுத்துக்கொண்ட காலம் நம் ஆயுளைவிட அதிகமாக இருக்கலாம்.

அட்டை உள்ளே வந்துவிட்டது

நடந்து அது தானாக வருவது குறைவு. உங்கள் சப்பாத்திலும் பையின் அடியிலும் ஏறித்தான் வரும். சப்பாத்தை வெளியே ஒரு பையில் கட்டுங்கள், சிப்பைத் திறந்து வைக்காதீர்கள், இலைச்சருகை விட்டுக் கட்டைப்புல்லில் கூடாரம் போடுங்கள். கடித்ததை நெருப்பால் சுடாதீர்கள். நகத்தால் வாய்ப்பக்கம் தள்ளினால் விட்டுவிடும். சவர்க்காரத்தால் கழுவி அழுத்திப் பிடியுங்கள்.

இரவில் வெளியே நடமாட்டம்

பெரும்பாலும் மரை அல்லது காட்டுப்பன்றி, சாப்பாட்டு வாசனைக்கு வந்திருக்கும். சாப்பாடு கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. மூடியிறுக்கிய டப்பாவில் தள்ளி வையுங்கள். ஹோட்டன் சமவெளியில் மரைகள் ஆட்களிடம் பழகி வருகின்றன. ஒரு பிஸ்கட்டும் கொடுக்காதீர்கள், அதோடு பொலித்தீனும் அதன் வயிற்றுக்குள் போகும். சிறுத்தையும் அங்கே உண்டு. இருட்டில் தனியாக ஒதுங்கப் போகாமல் டோர்ச்சோடு இரண்டு பேராகப் போங்கள்.

காவலர் வந்து எழுப்புகிறார்

தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளியில் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியோடு, அவர்கள் குறித்த இடத்தில் மட்டுமே கூடாரம். நக்கிள்ஸ் மலைத்தொடர், வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் வருகிறது. தேயிலை மலை என்றால் தோட்ட அலுவலகத்தில் கேளுங்கள். சிவனொளிபாத மலைக்குப் பருவகாலத்தில், டிசெம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை, கூடாரம் சுமந்துபோகத் தேவையே இல்லை. நல்லதண்ணிப் பாதையில் இரவெல்லாம் தேத்தண்ணிக் கடைகளும் ஒதுங்க அம்பலங்களும் உண்டு; தடித்த சட்டை ஒன்றும் தொப்பியும் போதும்.

மேல்துணி பிசுபிசுக்கிறது, புளித்த வாடை

பொலியூரிதேன் பூச்சு ஈரத்தில் சிதைந்துகொண்டிருக்கிறது. நனைந்தபடி சுருட்டிப் பையில் அடைத்து அலுமாரிக்கு மேலே போட்ட கூடாரம் நம் காலநிலையில் சில வருடங்களுக்குள் இந்த நிலைக்கு வந்துவிடும். பூச்சு ஓரிரு இடத்தில் மட்டும் உரிந்தால், ஸ்பிரிட்டால் துடைத்துச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசலாம். முழுவதும் ஒட்டினால் மேல்துணியை மாற்றுங்கள்; தண்டும் உள்வலையும் இன்னும் பல வருடம் உழைக்கும்.

வீட்டுக்கு வந்த அன்றே கொடியில் விரித்துப் போடுங்கள். வெயில் நேரடியாக விழாத இடமாக இருக்கட்டும். தையல் மடிப்புகளும் மூலைகளும் கடைசியாகத்தான் காயும், அவற்றைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே எடுங்கள். இறுக்கமான பைக்குள் திணிக்காமல் ஒரு பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு வைத்தால் பூச்சும் நீடிக்கும், அடுத்த மழைக்கும் உதவும்.